தன்னோடு தீர்க்கும் கணக்கு: டால்ஸ்டாயின் நாட்குறிப்பும் அதன் முன்னோர்களும்

வணிகர் கடையை அடைக்கும் முன் அன்றைய பற்றுவரவை நாள்வழியில் எழுதி, அதனைப் பேரேட்டில் பெயர்த்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டு இலாப நட்டம் அறிவதைப் போல, மனிதன் தன் நடத்தைக்கும் நாள்தோறும் கணக்குப் பார்க்கலாம் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கால வரலாற்றை உடையது. தன்னாய்வு என்று பெயர் பெற்ற இவ்வழக்கம் தத்துவ அறிஞர்களின் படுக்கையறையில் தொடங்கி, துறவியர் மடங்களின் வழியாகவும் ஓர் அமெரிக்க அச்சுக்காரரின் சிறு ஏட்டின் வழியாகவும் வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் லியோ டால்ஸ்டாயின் நாட்குறிப்பில் தன் வலிமையையும் தன் ஆபத்தையும் ஒருங்கே காட்டியது. கணக்கு எழுதியவர்கள் குற்றமற்றவர்களாக ஆனார்கள் என்பதற்கு அவ்வரலாற்றில் சான்று இல்லை. ஏறக்குறைய அனைவரும் தமக்குத் தாமே கடன்பட்டவர்களாகவே மறைந்தனர். ஆனால் தன் குறையைக் கூசாமல் எழுதிப் பழகிய கை பிறர் குறையை இரக்கத்தோடு எழுதக் கற்றுக்கொண்டது என்பதற்கு அங்கே வலுவான சான்று உண்டு. அந்த இரக்கம் எழுதியவரின் சொந்த வீட்டுக்குள் பல வேளைகளில் நுழையாமலே நின்றுவிட்டது என்பதும் அதே வரலாற்றின் மற்றொரு பக்கமாகும்.

இரவின் விசாரணை

உரோமப் பேரரசின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செனெகா, சினத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வழக்கத்தை விளக்குகிறார். செக்ஸ்டியஸ் என்னும் முன்னோர் ஒருவர் ஒவ்வோர் இரவும் தன் உள்ளத்தை முன்னிறுத்தி, அன்று எந்த நோயைத் தீர்த்தது, எந்தத் தீமையை எதிர்த்தது என்று வினவும் பழக்கம் உடையவர் என்றும், தாமும் விளக்கு அகற்றப்பட்டு, தம் பழக்கத்தை அறிந்த மனைவி மௌனமான பின், அன்றைய சொல்லையும் செயலையும் ஒன்றுவிடாமல் ஆராய்வதாகவும் அவர் கூறுகிறார். அவ்விசாரணையில் குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே என்றாலும், தீர்ப்பு கடுமையானதன்று. மீண்டும் செய்யாதிருக்கும்படி எச்சரித்து மன்னிப்பதோடு அது முடிகிறது. இன்பதுன்பங்களுக்கு அசையாத அறிவே நல்வாழ்வு என்று கற்பித்த ஸ்டோயிக் மரபினருக்கு இந்த இரவு விசாரணை உடற்பயிற்சியைப் போன்ற ஒரு மனப்பயிற்சியாக இருந்தது. நீரோ மன்னனுக்கு ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த செனெகா, கி.பி. 65ஆம் ஆண்டில் அதே மன்னனின் ஆணைப்படி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். போதித்த எளிமைக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையிலிருந்த தூரம் அவர் காலத்திலேயே பேசப்பட்டது. தன்னாய்வின் வரலாறு இவ்வாறு தொடக்கத்திலேயே ஒரு முரண்பாட்டைச் சுமந்து வந்தது.

அடுத்த நூற்றாண்டில் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ், டான்யூப் ஆற்றை ஒட்டிய போர்ப் பாசறைகளில் இருந்த காலத்தில், பிறர் படிப்பதற்காக அன்றித் தனக்கென்றே கிரேக்க மொழியில் குறிப்புகளை எழுதினார். அக்குறிப்புகளின் முதல் பகுதி, தாத்தாவிடமிருந்தும் தாயிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் தான் பெற்றவை எவை என்ற நன்றிப் பட்டியலாக அமைந்திருப்பது கருதத்தக்கது. தன்னைப் பற்றிய கணக்கைப் பிறரிடம் பட்ட கடனிலிருந்து தொடங்கியவர் அவர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்க ஆயரான அகஸ்டின் எழுதிய பதின்மூன்று பகுதிகள் கொண்ட ஒப்புதல் நூல், உள்ளத்தை விசாரிக்கும் அதிகாரத்தைக் கடவுளின் முன் வைத்தது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னாய்வு என்பது பெரும்பாலும் சமயக் கடமையாகவே இருந்தது.

புள்ளியிட்ட அட்டவணை

1215ஆம் ஆண்டில் உரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் அறிந்த வயதை எட்டிய ஒவ்வொரு கிறித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது தன் பாவங்களை வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் சடங்கு, செய்தாக வேண்டும் என விதித்தது. வாயால் சொல்லப்பட்ட இக்கணக்கைத் தாளில் வரையும் முறையை இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்தார். 1548ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சி நூல், ஒரு குறிப்பிட்ட குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, நாளுக்கு இரண்டு கோடுகள் வரைந்து, அக்குற்றத்தில் வீழ்ந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடுமாறு கூறுகிறது. மனச்சான்றின் அசைவு கண்ணால் எண்ணக்கூடிய புள்ளியாக மாறியது இவ்வழக்கத்தின் பெரும் திருப்பங்களுள் ஒன்றாகும். குருவிடம் ஒப்புக்கொள்ளும் சடங்கைக் கைவிட்ட சீர்திருத்தக் கிறித்தவரிடையே, குறிப்பாகப் பதினேழாம் நூற்றாண்டின் தூய்மைவாதப் பிரிவினரிடையே, நாட்குறிப்பே குருவின் காதாக அமைந்தது.

அத்தகைய தூய்மைவாத நகரமான பாஸ்டனில் 1706இல் பிறந்த அச்சுக்காரர் பெஞ்சமின் பிராங்கிளின், மிதம், மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, அளவுடைமை, தூய்மை, அமைதி, கற்பு, பணிவு ஆகிய பதின்மூன்று பண்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் வரைந்து, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு பண்பு வீதம் பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும்; ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் இயலும். 1771இல் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில் இத்திட்டத்தை விவரிக்கும் அவர், பணிவு என்பது முதலில் பட்டியலில் இல்லை என்றும், தாம் செருக்குடையவர் எனக் கருதப்படுவதை நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பின்பே அது சேர்க்கப்பட்டது என்றும் ஒப்புக்கொள்கிறார். செருக்கை முழுவதும் வென்றுவிட்டாலும் அந்தப் பணிவைப் பற்றிய செருக்கு மிஞ்சிவிடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்பவரின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையைப் பிறர் ஒருவர் காட்ட வேண்டியிருந்தது என்பதே இச்செய்தியின் உட்பொருள்.

இஞ்ஞாசியாருக்கும் பிராங்கிளினுக்கும் இடைப்பட்ட காலத்தில், புள்ளியும் கட்டமும் இல்லாத வேறொரு வழியைப் பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் தெ மோந்தேன் கண்டார். 1533இல் பிறந்த அவர், போர்தோ நகர நீதிமன்றப் பதவியைத் துறந்து, 1571இல் தன் மாளிகையை ஒட்டிய வட்டக் கோபுரத்தில் நூலகம் அமைத்துக்கொண்டு, உத்தரங்களில் கிரேக்க, இலத்தீன் வாசகங்களைப் பொறித்துவைத்து, தன்னையே பொருளாகக் கொண்டு எழுதத் தொடங்கினார். அவர் அந்த எழுத்துக்கு இட்ட 'எஸ்ஸே' என்னும் பெயருக்குச் சோதனை, முயன்று பார்த்தல் என்பது பொருள். பின்னர் அது ஓர் இலக்கிய வகையின் பெயராகித் தமிழில் கட்டுரை என வழங்கியபோது அந்த மூலப்பொருள் மறைந்துபோயிற்று. சிறுநீரகக் கல்லின் வலி, நினைவாற்றலின் குறைவு, அச்சம், நட்பு, உணவு விருப்பம் ஆகியவற்றையெல்லாம் எழுதிய மோந்தேன், தன்னைத் திருத்துவதைவிடத் தன்னை அறிவதையே நோக்கமாகக் கொண்டார். 1580இல் வெளிவந்த நூலை 1592இல் இறக்கும்வரை ஓரங்களில் எழுதி எழுதி விரித்தாரே அன்றி, பழைய கருத்துகளைப் பெரும்பாலும் அடித்துவிடவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் மனிதனுக்கு இறுதி ஐந்தொகை கிடையாது என்பது அவர் வழி கற்பித்த பாடம்.

கஸானில் தொடங்கிய ஏடு

இவ்விரு மரபுகளும், அதாவது குறையை எண்ணித் திருத்தும் அட்டவணை மரபும் குறையோடு சேர்த்துத் தன்னை அறியும் சோதனை மரபும், டால்ஸ்டாயின் ஒரே ஏட்டில் சந்தித்து மோதின. மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் தூலா நகரை அடுத்துள்ள யஸ்னயா போல்யானா பண்ணையில் 1828இல் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்பும் முன் தாயையும், ஒன்பது வயது நிரம்பும் முன் தந்தையையும் இழந்தார். கஸான் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1847ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், பல்கலைக்கழக மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நிலையில், பதினெட்டு வயதில் அவர் நாட்குறிப்பைத் தொடங்கினார். இக்கட்டுரையில் வரும் ரஷ்ய நாட்கள் அக்காலத்து ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி அமைந்தவை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பன்னிரண்டு நாட்களும் இருபதாம் நூற்றாண்டில் பதின்மூன்று நாட்களும் இன்றைய நாட்காட்டிக்குப் பின்தங்கியது.

தொடக்கக் காலப் பக்கங்கள் பெரும்பாலும் விதிகளால் நிரம்பியவை. பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய அவ்விளைஞர், சட்டம், மருத்துவம், வேளாண்மை, வரலாறு, புவியியல், கணிதம், பல மொழிகள், இசை, ஓவியம் ஆகியவற்றை இரண்டே ஆண்டுகளில் கற்றுவிடத் திட்டமிட்டார். பிராங்கிளினின் முறையைப் பின்பற்றித் தன் பலவீனங்களுக்கென்று ஒரு தனி ஏட்டையும் 1851இல் வைத்திருந்தார். விதிகள் பெருகப் பெருக மீறல்களும் பெருகின. யஸ்னயா போல்யானாவில் தான் பிறந்த பெரிய வீடு விலைபோய்ப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டதும், அந்தப் பணம் சீட்டாட்டத்தில் கரைந்ததும் அடுத்த சில ஆண்டுகளில் நிகழ்ந்தவை. அட்டவணை என்ற அளவில் அந்த ஏடு தோல்வியே.

ஆனால் விதியை மீறிய பின் ஏன் மீறினோம் என்று அவர் எழுதிய விளக்கங்களில் வேறொன்று முளைவிட்டது. ஒரு செயலுக்கு முன் மனத்தில் ஓடும் எண்ணங்கள் எத்தனை, அவற்றுள் வெட்கத்தின் பங்கு எவ்வளவு, பிறர் பார்க்க வேண்டும் என்ற ஆசையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் திறன் அங்கே பயிற்சி பெற்றது. 1851இல் அவர் 'நேற்றைய வரலாறு' என்ற தலைப்பில் ஒரே ஒரு நாளின் அனுபவத்தை முழுமையாக எழுத முயன்று, முடிக்காமல் விட்டார். அதற்கு அடுத்த ஆண்டில் அவருடைய முதல் நூலான 'குழந்தைப் பருவம்' கவிஞர் நெக்ராசோவ் நடத்திய 'சொவ்ரெமென்னிக்' இதழில் வெளிவந்தது. 1856இல் விமரிசகர் செர்னிஷெவ்ஸ்கி இளம் டால்ஸ்டாயின் தனித்தன்மையை 'ஆன்மாவின் இயங்கியல்' என்று பெயரிட்டுக் குறித்தார். ஒரு மனநிலையிலிருந்து மற்றொன்று பிறக்கும் நிகழ்வையே அவர் அச்சொல்லால் சுட்டினார். தன்னைத் தானே அயராது ஆராய்ந்தவருக்கே மனித உள்ளத்தைப் பற்றிய அத்தகைய அறிவு வாய்க்கும் என்றும் அவர் கருதினார். நாட்குறிப்பு அச்சில் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அது எங்கோ இருந்தாக வேண்டும் என்பதை எழுத்தை வைத்தே அவர் உணர்ந்துகொண்டது வியப்புக்குரியது.

ஏடு நின்ற பதின்மூன்று ஆண்டுகள்

டால்ஸ்டாயின் நாட்குறிப்பு வரலாற்றில் பெரிதும் சிந்திக்கத்தக்க செய்தி அதன் இடைவெளியாகும். 1865 முதல் 1878 வரை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அவர் அதனைப் பெரும்பாலும் எழுதவில்லை. 'போரும் அமைதியும்', 'அன்னா கரேனினா' ஆகிய இரு பெரும் நாவல்களும் அந்த ஆண்டுகளிலேயே உருவாகி வெளிவந்தன. விசாரணை நின்றுவிடவில்லை, விசாரிக்கப்படுபவர் எண்ணிக்கை கூடியது என்று கொள்வதே பொருந்தும். 'போரும் அமைதியும்' நாவலின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவனான பியேர் சகோதரச் சங்கமொன்றில் சேர்ந்து தன் வீழ்ச்சிகளை நாட்குறிப்பில் எழுதுகிறான். நூலின் முடிவுரையில் மரியா தன் குழந்தைகளின் குணங்களை எழுதிவைக்கும் ஏட்டைக் கணவன் வாங்கிப் படித்து நெகிழ்கிறான். ஒருவரைப் பற்றிய கணக்கு மற்றொருவரைப் பற்றிய கவனமாக முதிர்வதை நாவலாசிரியர் இவ்வாறு பாத்திரங்களின் வழியே காட்டினார்.

'அன்னா கரேனினா' நாவலின் தொடக்க வரைவுகளில் கணவனை விட்டு நீங்கிய அன்னா அழகும் ஆழமும் குறைந்தவளாகவும், வாசகரின் பரிவு கணவன் பக்கம் சாயுமாறும் அமைக்கப்பட்டிருந்தாள். திருத்தி எழுதும்தோறும் அவள் வளர்ந்து, யாராலும் எளிதில் தீர்ப்பிட முடியாத மனுஷியானாள். அதே நாவலின் இறுதியில் லேவின் என்னும் பண்ணையார், வாழ்வின் பொருளைக் கண்டுகொண்டதாக உணரும் தருணத்திலும், வண்டிக்காரனிடம் தான் இனியும் கோபப்படுவோம் என்பதையும், மனைவிக்கும் தனக்கும் இடையே கூட ஒரு சுவர் நிற்கும் என்பதையும் சேர்த்தே அறிகிறான். பதினெட்டு வயதில் விதிகளை அடுக்கிய இளைஞர், ஐம்பதை நெருங்கும் வயதில், விதியை மீறியபின்னும் மனிதனாக இருப்பது எவ்வாறு என்ற வினாவுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரே வீட்டில் இரண்டு நாட்குறிப்புகள்

அந்த முதிர்ச்சி வீட்டுக்குள் எவ்வாறு இருந்தது என்பதை அறிய, மற்றொரு நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். 1862 செப்டம்பர் 23ஆம் நாள் டால்ஸ்டாய் தன் 34ஆம் வயதில் 18 வயதுடைய சோஃபியாவை மணந்தார். மறைவு எதுவும் இருக்கக் கூடாது என்று கருதி, திருமணத்துக்கு முன்பே தன் பழைய நாட்குறிப்புகளை அவரிடம் படிக்கக் கொடுத்தார். அவற்றில் சூதாட்டமும் பரத்தையர் தொடர்பும், பண்ணையில் வாழ்ந்த மணமான விவசாயப் பெண் ஒருத்தியோடு அண்மைக்காலம் வரை நீடித்த உறவும் எழுதப்பட்டிருந்தன. எழுதியவருக்கு அது பாரத்தை இறக்கிவைத்த நேர்மை. படித்தவருக்கோ அப்பாரத்தை வாழ்நாள் முழுதும் சுமக்க நேர்ந்த காயம். 'அன்னா கரேனினா'வில் லேவின் தன் ஏட்டைத் தான் மணக்கவிருந்த கிட்டியிடம் கொடுத்து அவளை அழவைக்கும் பகுதியில் டால்ஸ்டாய் இந்நிகழ்வை நாவலாக்கினார். அழுகையை எழுதியவர் அதன் நீளத்தை அளந்தறிந்தாரா என்பது வேறு வினா.

சோஃபியாவும் நாட்குறிப்பு எழுதினார். பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கி, பண்ணைக் கணக்கையும் பார்த்து, கணவரின் கிறுக்கல் கையெழுத்தில் அமைந்த வரைவுகளை மீண்டும் மீண்டும் படியெடுத்த அப்பெண்மணியின் பக்கங்களில், மனிதகுலத்தை நேசிக்கக் கற்பிப்பவர் நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே ஏன் இல்லை என்ற கேள்வி பல வடிவங்களில் எழுகிறது. 1879இல் தொடங்கி எழுதிய ஒப்புதல் நூலில் டால்ஸ்டாய் தன் கடந்த வாழ்வு முழுவதையும் கண்டித்தார். ரஷ்யத் தணிக்கையாளர் தடுத்ததால் அது 1884இல் ஜெனீவாவில் வெளிவந்தது. சொத்தைத் துறக்க விரும்பிய கணவருக்கும் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிய மனைவிக்கும் இடையிலான பிளவு அதன்பின் விரிந்துகொண்டே சென்றது. 1890ஆம் ஆண்டை ஒட்டிச் சோஃபியா பழைய நாட்குறிப்புகளைப் படியெடுக்கத் தொடங்கியபோது பழைய காயங்கள் மீண்டும் திறந்தன.

1883 முதல் டால்ஸ்டாயின் நெருங்கிய சீடராக இருந்த செர்ட்கோவின் கைக்கு நாட்குறிப்புகள் சென்றதும், அந்த ஏடுகள் யாருக்கு உரியவை என்ற வழக்கு வீட்டையே எரித்தது. எதிர்கால வாசகர் தன்னை எவ்வாறு காண்பார் என்ற அச்சம் சோஃபியாவை வாட்டியது. அந்த அச்சம் காரணமற்றதன்று. 1910 ஜூலையில் நாட்குறிப்புகள் செர்ட்கோவிடமிருந்து மீட்கப்பட்டுத் தூலா நகர வங்கியில் வைக்கப்பட்டன. அதே மாத இறுதியில் டால்ஸ்டாய் தனக்கு மட்டும் என்ற தலைப்பில் ஒரு புதிய ஏட்டைத் தொடங்கி, அதனைக் காலணிக்குள் மறைத்துவைத்தார். சோஃபியா அதனையும் கண்டெடுத்தார். செனெகாவின் மனைவி கணவனின் பழக்கத்தை அறிந்து இருளில் மௌனமாக இருந்தார் என்று மட்டுமே வரலாறு பதிந்துவைத்தது. அந்த மௌனத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்பதை யஸ்னயா போல்யானாவின் இரண்டாம் நாட்குறிப்பே முதன்முறையாக விரிவாகச் சொன்னது எனலாம். தன்னாய்வில் கணக்கெழுதுபவர் ஒருவராக இருக்கலாம். கடன்கொடுத்தவர் வேறொருவராக இருக்கிறார்.

குறளும் பண்ணையும்

டால்ஸ்டாயின் இறுதிக்கால எழுத்துகள் தமிழகத்தோடும் தமிழரோடும் மெய்யான தொடர்புடையவை. இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு எழுதிய தாரக்நாத் தாஸுக்கு 1908 டிசம்பரில் அவர் விடுத்த நீண்ட மறுமொழி, திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்துக் கருத்துகளை மேற்கோளாகக் காட்டியது. தீங்குக்குத் தீங்கு செய்யாமையைத் தன் வாழ்வில் முழுமையாகக் கைக்கொள்ள இயலவில்லை என்று நாள்தோறும் எழுதிவந்த முதியவர், அதே அறத்தை வள்ளுவரிடம் கண்டுகொண்டார். அம்மடலைக் காந்தியடிகள் குஜராத்தியில் மொழிபெயர்த்துத் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். 1910இல் ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த ஏறத்தாழ 1100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு வழங்கினார். அதற்கு இடப்பட்ட பெயர் டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தபோது அவர்களுள் தமிழர் கணிசமாக இருந்தனர்; அக்குழந்தைகளுக்குக் காந்தியே தமக்குத் தெரிந்த அளவில் தமிழ் கற்பித்தார்.

காந்தியின் தன்வரலாறு 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வந்தது. தமிழில் அது 'சத்திய சோதனை' என்று பெயர் பெற்றது. மோந்தேன் தன் எழுத்துக்கு இட்ட பெயரின் மூலப்பொருள், அவ்வாறு எண்ணப்படாமலே, தமிழ் வாசகரின் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அந்நூலின் ஒரு பகுதி டர்பன் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுகிறது. பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவரின் மலசலக் கலத்தைச் சுத்தம் செய்ய முகம் சுளித்த கஸ்தூரிபாவைக் கணவர் கதவுவரை இழுத்துச் சென்றார். கஸ்தூரிபா அழுதபடி கேட்ட கேள்வி அவரை வெட்கத்தில் நிறுத்தியது. கொள்கை சரியாக இருக்கையிலும் அதனைச் செலுத்திய கை தவறியது என்பதைக் காந்தி மனைவியின் குரலையும் சேர்த்தே பதிவுசெய்தார். சோஃபியா தன் தனி ஏட்டில் எழுத வேண்டியிருந்ததை, இங்கே குற்றம் செய்தவரே தன் ஏட்டில் எழுதினார். அவ்வளவில் இவ்வழக்கம் ஓர் அடி முன்னேறியது என்று சொல்லலாம். கஸ்தூரிபாவின் சொந்த ஏடு ஒன்று நமக்குக் கிடைத்திருந்தால் அந்த அடியின் நீளத்தை இன்னும் சரியாக அளக்க முடிந்திருக்கும்.

முடிவுபெறாத வாக்கியம்

டால்ஸ்டாய் முதுமையில் அன்றைய குறிப்பை முடித்தபின் மறுநாளின் தேதியை எழுதி, அதனருகே 'உயிரோடிருந்தால்' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகளைப் பொறித்துவைக்கும் வழக்கம் உடையவராக இருந்தார். 1910 அக்டோபர் 28ஆம் நாள் விடியும் முன், 82ஆம் வயதில், மருத்துவர் மக்கோவிட்ஸ்கியோடு வீட்டை விட்டு வெளியேறியபோதும் நாட்குறிப்பு உடன் சென்றது. வழியிலிருந்து மகள் அலெக்ஸாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அனுப்பிவைக்கக் கேட்ட நூல்களுள் மோந்தேனின் கட்டுரைகளும் ஒன்று. திருத்தும் அட்டவணையோடு வாழ்வைத் தொடங்கியவர், தன்னை அறிந்து பொறுத்துக்கொள்ளும் சோதனைக்காரரை இறுதிப் பயணத்தில் துணையாக நாடினார்.

நுரையீரல் காய்ச்சலால் அஸ்தாப்போவோ என்னும் சிறு புகைவண்டி நிலையத்தில் இறங்க நேர்ந்த அவர், நிலைய அதிகாரியின் வீட்டில் நவம்பர் 7ஆம் நாள் காலை காலமானார். சோஃபியா அதே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தும், கணவர் நினைவிழக்கும்வரை அவரருகே செல்ல விடப்படவில்லை. நவம்பர் 3ஆம் நாள் எழுதிய கடைசிக் குறிப்பில், செய்ய வேண்டியதைச் செய், வருவது வரட்டும் என்ற கருத்துடைய பிரெஞ்சுப் பழமொழியை அவர் தொடங்கி, பாதியில் விட்டிருந்தார். அதன்பின் பிறர் நலத்தையும் தன் நலத்தையும் ஒருசேரச் சொல்லும் சில சொற்களோடு ஏடு நிற்கிறது. பின்னாளில் 90 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய முழுப் படைப்புகளில் நாட்குறிப்புகள் மட்டும் 46 முதல் 58 வரையான பதின்மூன்று தொகுதிகளை நிரப்பின. சோஃபியாவின் நாட்குறிப்புகளும் அவர் மறைந்த பின் தனியே அச்சேறின. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் அந்த வீட்டின் கணக்கு முழுமை பெறுகிறது. ஒருவர் பற்று என எழுதியது மற்றவர் ஏட்டில் எவ்வாறு நின்றது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு, அவ்விருவருக்கும் இயலாமற்போய், வாசகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.